‘நீயே வரைஞ்சு குடும்மா!’ - குழந்தையின் கை தயங்குவது ஏன்?

இரண்டு மலைகள். நடுவில் உதிக்கும் சூரியன். மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை மரம், வானத்தில் நான்கைந்து பறவைகள். ‘இயற்கைக் காட்சி வரை’ என்று சொன்னால், ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் பலரின் தாளில் இந்தப் படம்தான் வந்து நிற்கும். கண்ணுக்கெட்டிய தூரம் மலையே தெரியாத ராமநாதபுரத்துக் குழந்தையும் இதைத்தான் வரையும். வீட்டைச் சுற்றி நிற்கும் பனை மரமும் கருவேல மரமும் ஊருணியும் தாளுக்குள் வருவதே இல்லை.

தான் பார்த்ததை விட்டுவிட்டு, சொல்லிக் கொடுத்ததை வரையும் பழக்கம் எங்கிருந்து வருகிறது? மூன்று வயதில் சுவர் முழுக்கக் கிறுக்கிய அதே குழந்தை, ஆறு வயதில் “எனக்கு வரையத் தெரியாது, நீயே வரைஞ்சு குடும்மா” என்று பென்சிலை நீட்டுவது ஏன்?

கிறுக்கலுக்கும் கணக்கு உண்டு

ஏறக்குறைய ஒன்றரை வயதில் குழந்தை கிறுக்கத் தொடங்குகிறது. கையை அசைத்தால் தாளில் கோடு விழுகிறது என்பதே அப்போது அதற்குப் பெரிய கண்டுபிடிப்பு. மூன்று வயதையொட்டி வட்டம் போட வருகிறது. வட்டத்துக்குள் இரண்டு புள்ளி, கீழே இரண்டு கோடு போட்டால் ‘அப்பா’ ரெடி! உடம்பே இல்லாமல் தலையிலிருந்து நேராகக் கால் முளைத்த இந்த மனிதரைப் பல நாட்டுக் குழந்தைகளும் வரைகிறார்கள். லட்சக்கணக்கான குழந்தை ஓவியங்களைச் சேகரித்த அமெரிக்கரான ரோடா கெல்லாக், கிறுக்கல்களில் 20 அடிப்படை வடிவங்கள் இருப்பதாக வகைப்படுத்தினார். குழந்தை ஓவியம் வயதுக்கு ஏற்பப் படிப்படியாக வளர்வதை விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-ல் வெளியிட்ட தன் நூலில் விளக்கினார்.

குழந்தை வரையும் படத்தில் பஸ்ஸைவிட டிரைவர் பெரிதாக இருப்பார். பாட்டி சாப்பிட்ட இட்லி அவர் வயிற்றுக்குள் தெரியும். எது தனக்கு முக்கியமோ அதைப் பெரிதாகப் போடுவதும், தனக்குத் தெரிந்ததை எல்லாம் காட்டுவதும் அந்த வயதின் வழி. “இது யானையா, பன்னியா?” என்று பெரியவர்கள் சிரித்துவிட்டாலோ, கையைப் பிடித்துத் திருத்திவிட்டாலோ, ‘சரியான’ படம் என்று ஒன்று இருக்கிறது, அது பெரியவர்களிடம்தான் இருக்கிறது என்று குழந்தை புரிந்துகொள்கிறது. அதன் பிறகு அது யானையைப் பார்த்து வரையாது. அம்மாவின் முகத்தைப் பார்த்து வரையும்.

பரிசு செய்யும் வேலை

திட்டினால்தான் ஆர்வம் குறையும் என்றில்லை. பரிசும் சில நேரம் அதே வேலையைச் செய்துவிடும். 1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட 3 முதல் 5 வயதுக் குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவிடம், “வரைந்தால் சான்றிதழ் தருவோம்” என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் தரவில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை மட்டும் வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரமே வரைந்தார்கள்.

அதற்காக ஓவியப் போட்டிக்கே அனுப்பக் கூடாது என்று பொருளில்லை. ஆனால், மூன்று, நான்கு வயதில் ஒவ்வொரு படத்தையும் ‘ஃபர்ஸ்ட் பிரைஸ்’ கணக்கில் பார்க்கத் தொடங்கினால், வரைவது விளையாட்டு என்ற நிலை மாறி வேலையாகிவிடும்.

வாசலிலேயே இருக்கிறது

விலை கூடிய வண்ணப் பெட்டி இல்லாமலேயே இதற்கெல்லாம் வழி உண்டு. அம்மா வாசலில் கோலம் போடும்போது, ஓரமாக ஐந்து புள்ளி வைத்துக் கொடுத்தால் போதும். எந்தப் புள்ளியை எதோடு சேர்ப்பது என்பதைக் குழந்தையே முடிவு செய்யும். சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கிடைத்தால் அது பாம்பாகும், நத்தையாகும். நவராத்திரிக் கொலுவில் பொம்மைகளைப் பெரியவர்கள் அடுக்கட்டும். கீழே மண் கொட்டி, கேழ்வரகு முளைக்கவிட்டு அமைக்கும் ‘பார்க்’கைக் குழந்தைகளிடமே விட்டுவிடலாம்.

பூவரசு இலையைச் சுருட்டினால் பீப்பீ. தென்னை ஓலையைக் கிழித்தால் கைக்கடிகாரம். நுங்கு தின்ற கோந்தையில் ஒரு குச்சியைச் செருகினால் வண்டி. இதையெல்லாம் செய்யத் தெரிந்த தாத்தாவும் பாட்டியும் இன்னமும் பல வீடுகளில் இருக்கிறார்கள். கடையில் வாங்கும் பொம்மை முடிந்த பொருளாக வருகிறது. இலையும் ஓலையும் அப்படி வருவதில்லை. அவற்றை என்னவாக மாற்றுவது என்று குழந்தை யோசித்தாக வேண்டும். ரவீந்திரநாத் தாகூர் 1901-ல் சாந்திநிகேதனில் தொடங்கிய பள்ளியில் மரத்தடியே வகுப்பறையானதும் குழந்தையை இயற்கையிடமிருந்து பிரிக்கக் கூடாது என்ற எண்ணத்தில்தான்.

“நேரம் எங்கே இருக்கு?”

வேலைக்குப் போய்க் களைத்து வரும் பெற்றோரின் கேள்வி நியாயமானது. அந்த நேரத்தில் செல்போன் கைகொடுக்கிறது. ஆனால், இரண்டு வயதுக்குள் குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ம் ஆண்டு வழிகாட்டி. குழந்தையின் கற்பனைக்குப் பெரியவர்கள் முழு நேரமும் கூட இருக்கத் தேவையில்லை. “போரடிக்குது” என்று குழந்தை சொன்னவுடன் எதையாவது கையில் கொடுக்காமல், கொஞ்சம் பொறுத்தால் போதும். பத்து நிமிடத்தில் தலையணை பஸ்ஸாகிவிடும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* “இது என்ன?” என்று கேட்காமல், “இதைப் பத்திச் சொல்லு கண்ணு” என்று கேளுங்கள். கதையே வரும்.
* “சூப்பர்” என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடாமல், “இந்த நாய்க்கு நீல வால் வெச்சிருக்கியே!” என்று கவனித்ததைச் சொல்லுங்கள்.
* “வரைஞ்சு குடு” என்று கேட்டால், மரத்தடிக்கு அழைத்துப் போய், “கிளை எங்கிருந்து பிரியுது பாரு” என்று காட்டுங்கள்.
* சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம். எலுமிச்சைச் சாறு சேர்த்தால் ஊதா. மஞ்சள் கரைசலில் சமையல் சோடா சேர்த்தால் செம்பழுப்பு. கலப்பது பெரியவர்களாக இருந்தாலும், தீட்டுவது குழந்தையாக இருக்கட்டும்.
* சுவரில் ஒரு பகுதியைக் கரும்பலகையாக்குங்கள். அல்லது பழைய காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டுங்கள். மற்ற சுவர்கள் தப்பிக்கும்.
* மூன்று வயதுக்குள் புளியங்கொட்டை, சோழி, மணி போன்ற சிறு பொருட்களைத் தனியாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கலாம்.

விளையாட்டிலும் கலையிலும் ஈடுபடுவது குழந்தையின் உரிமை என்கிறது ஐ.நா.வின் 1989-ம் ஆண்டு குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு. 1992-ல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. எல்லாக் குழந்தைகளும் ஓவியராகப் போவதில்லை. ஆனால், தன் கண்ணால் பார்த்ததை நம்பவும், ‘நானே செஞ்சு பார்க்கிறேன்’ என்று தொடங்கவும் கற்ற குழந்தைக்குப் பின்னாளில் கணக்கிலும் அறிவியலிலும் வாழ்க்கையிலும் அது கைகொடுக்கும். குழந்தை வரைந்த தாளின் பின்பக்கம் தேதியையும், அது சொன்ன கதையையும் இரண்டு வரியில் எழுதி ஒரு ஃபைலில் வையுங்கள். தான் சொன்னதைப் பெரியவர்கள் எழுதி வைக்கிறார்கள் என்று தெரிந்தால், அடுத்த தாளை அதுவே கேட்டு வாங்கும்.