கியர் மாறும்போது ‘கர்ர்’ என்கிறதா? முதலில் எண்ணெயைப் பாருங்கள்

பழைய மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார்கள் மீது நம் இளைஞர்களுக்கு இருக்கும் மோகம் இன்னும் குறையவில்லை. புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ, ஹோண்டா சிவிக், மஸ்டா எம்எக்ஸ்-5 என இருபது வயதைத் தாண்டிய கார்களைத் தேடிப்பிடித்து வாங்கி, ஞாயிறு விடியற்காலையில் காராக் நெடுஞ்சாலை வழியாக கெந்திங் மலை ஏறுபவர்கள் உண்டு. அப்படி வாங்கியவர்களில் பலருக்கு முதலில் தலைவலி கொடுப்பது கியர்பாக்ஸ். இரண்டாவது கியர் லேசில் விழாது. அவசரப்பட்டுத் தள்ளினால் ‘கர்ர்’ என்று பல் உரசும் சத்தம்.

பட்டறைக்குக் கொண்டுபோனால், கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்ற பதில் சில இடங்களில் உடனே வந்துவிடும். பிரித்தால் செலவு ஆயிரங்களில் போகும். எண்ணெயை மாற்றிப் பார்க்கச் சில நூறு வெள்ளி போதும். ஆகவே எண்ணெயிலிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் எந்த எண்ணெய் என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள்.

மேனுவல் கியர்பாக்ஸில் எண்ணெய்க்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள் உள்ளன. கியர் பற்கள் தேயாமல் வழுக்கலாக ஓட வேண்டும். அதே நேரத்தில் சிங்க்ரோ எனப்படும் வளையம் வழுக்காமல் பிடிக்க வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாறும்போது இரண்டாவது கியர் தேவைக்கு மேல் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சிங்க்ரோ வளையம் அதன் கூம்பு மீது அழுந்தி, பிரேக் போல உரசி வேகத்தைக் குறைக்கும். வேகம் சமமான பிறகே பற்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். எண்ணெய் அளவுக்கு மீறி வழுக்கினால் அந்தப் பிடிமானம் கிடைக்காது. வேகம் சமமாகும் முன்பே பற்கள் மோதும். அந்த ‘கர்ர்’ சத்தம் இதுதான்.

இங்கேதான் டப்பாவின் மேல் எழுதியிருக்கும் ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என்ற குறிகள் முக்கியமாகின்றன. எண் பெரிதாக இருந்தால் தரம் உயர்ந்தது என்று நினைத்து ஜி.எல்.-5 வாங்குபவர்கள் ஏராளம். உண்மையில் ஜி.எல்.-5 பின்சக்கர டிஃபரன்ஷியலில் உள்ள ஹைப்பாய்டு கியர்களை மனத்தில் வைத்து வந்தது. அங்கே பற்கள் கடும் அழுத்தத்தில் ஒன்றன் மேல் ஒன்று சறுக்கும். அதைத் தாங்க, கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மானம் ஏறக்குறைய இரு மடங்கு சேர்க்கப்படுகிறது. சிங்க்ரோவுக்கு அது தேவையில்லை. பழைய கார்களில் பெரும்பாலும் சிங்க்ரோ வளையம் பித்தளையால் ஆனது. சூடு ஏற ஏற, சில வகைக் கந்தகச் சேர்மானங்கள் பித்தளையையும் செம்பையும் அரிக்கும். எல்லா ஜி.எல்.-5 எண்ணெயும் அப்படிச் செய்வதில்லை. பித்தளையை அரிக்காத வகையில் தயாரிக்கப்பட்டவையும் கிடைக்கின்றன. ஆனால் டப்பாவைப் பார்த்த மாத்திரத்தில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. தயாரிப்பாளர் வெளியிடும் விவரத் தாளில் செம்புத் தகடு அரிப்புச் சோதனையின் முடிவு இருந்தால் பாருங்கள். 1 என்று தொடங்கினால் நல்லது, 4 என்றால் தகடு கறுத்துப்போனதாக அர்த்தம்.

எம்எக்ஸ்-5 காரின் ஆரம்பகால கையேடு ஜி.எல்.-4, ஜி.எல்.-5 இரண்டையும் அனுமதிக்கிறது. இருந்தும் கியர் மிருதுவாக விழ வேண்டும் என்பவர்கள் ஜி.எல்.-4 பக்கம்தான் போகிறார்கள். அது சரியான முடிவுதான். அந்தக் காரில் டிஃபரன்ஷியல் பின்னால் தனியாக இருக்கிறது. ஜி.எல்.-5 அங்கே போகட்டும். இரண்டுக்கும் ஒரே டப்பாவிலிருந்து ஊற்றுவது சோம்பல். எல்.எஸ்.டி. டிஃபரன்ஷியலுக்காக விற்கப்படும் உராய்வு குறைக்கும் திரவம் கலந்த எண்ணெயைக் கியர்பாக்ஸில் ஊற்றவே கூடாது.

அடுத்தது அடர்த்தி. 75டபிள்யூ-90 என்றால் இன்ஜின் எண்ணெய் 10டபிள்யூ-40-ஐ விட இரு மடங்கு கெட்டியானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். சூடேறிய நிலையில் இரண்டின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றுதான். முன்னால் வரும் 75டபிள்யூ என்பது கழித்தல் 40 டிகிரி குளிரில் எண்ணெய் எப்படி ஓடுகிறது என்பதைக் காட்டுவது. குளிர்நாட்டுக்காரர்கள் காலையில் கியர் விழவில்லை என்று புலம்புவதைப் படித்துவிட்டு, இங்கே விடியற்காலை 25 டிகிரியில் அதே மருந்தைத் தேட வேண்டியதில்லை. நமக்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம். மலைச் சாலையிலும் செப்பாங் பந்தயத் தடத்திலும் சூடேறிய பிறகு எண்ணெய் நீர்த்துப் போகக் கூடாது. அதற்காகக் கையேடு சொல்வதைவிடக் கெட்டியாக ஊற்றினால் கியர் கனக்கும்.

ஹோண்டா இதற்கு நல்ல உதாரணம். அதன் மேனுவல் கியர்பாக்ஸ்கள் ஹோண்டா எம்.டி.எஃப். என்ற மெல்லிய எண்ணெய்க்காக வடிவமைக்கப்பட்டவை. அது கிடைக்காவிட்டால் தற்காலிகமாக 10டபிள்யூ-30 இன்ஜின் எண்ணெய் ஊற்றலாம் என்று பழைய கையேடுகளிலேயே உள்ளது. ‘ஸ்போர்ட்ஸ் கார்தானே’ என்று அதில் 75டபிள்யூ-90 ஊற்றிவிட்டு, கியர் மாற்றக் கை வலிக்கிறது என்று குறைபட்டுக்கொள்வதில் நியாயம் இல்லை.

எண்ணெய் எல்லாவற்றையும் சரி செய்துவிடாது. இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியர்களையும் போட்டுப் பாருங்கள். அணைத்த நிலையில் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், குறிப்பாக நின்ற நிலையில் ரிவர்ஸ் போடும்போது சத்தம் வந்தால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று சந்தேகிக்கலாம். எம்எக்ஸ்-5 காரில் கிளட்சின் ஸ்லேவ் சிலிண்டர் கசிவது பலரும் அறிந்த பலவீனம். அதே காரில் கியர் லீவரின் அடியில் தனியாகச் சிறிது எண்ணெய் நிற்கும் குழி ஒன்று உண்டு. கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றினால் அது மாறாது. அதன் ரப்பர் உறை கிழிந்து, குழி வறண்டு போன கார்கள் நிறைய. அதைச் சரி செய்தாலே லீவரின் இறுக்கம் பாதி குறையும்.

எண்ணெய் மாற்றும்போது ஊற்றும் துளையின் மூடியை முதலில் கழற்றிப் பார்க்க வேண்டும். அது துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டிருப்பது தெரியாமல் கீழே உள்ள எண்ணெயை வடித்துவிட்டால், காரை நகர்த்தவே முடியாது. சிறிது தூரம் ஓட்டி எண்ணெயை வெதுவெதுப்பாக்கிய பிறகு வடிப்பது நல்லது. வடிகால் மூடியின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், அது வழக்கமான எஃகுத் தூள். எண்ணெயில் தங்கத்தூள் போல மினுமினுப்பு தெரிந்தால் அது பித்தளை. காந்தத்தில் ஒட்டாமல் எண்ணெயிலேயே மிதந்து வரும். சிங்க்ரோ தேய்கிறது என்று பொருள். அந்த நிலையில் எந்த விலையுயர்ந்த எண்ணெயும் தேய்ந்துபோன வளையத்தைத் திரும்பக் கொண்டுவராது. பட்டறைக்காரர் பிரிக்கச் சொன்னால் அவர் சொல்வது சரி.

புதிய எண்ணெயை, கார் சமதளத்தில் நிற்கும்போது, துளையிலிருந்து வழியத் தொடங்கும் வரை ஊற்ற வேண்டும். பெரும்பாலான கார்களுக்கு இதுவே அளவு. எம்எக்ஸ்-5 ஐந்து கியர் பெட்டிக்குச் சுமார் 2 லிட்டர் பிடிக்கும். மலையேறி வேகமாக ஓட்டுபவர்கள் கையேட்டின் கெடுவுக்குக் காத்திராமல் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

வீட்டிலேயே மாற்றுபவர்கள் வடித்த எண்ணெயைக் கால்வாயில் கொட்டக் கூடாது. மலேசியச் சட்டப்படி பயன்படுத்திய மசகு எண்ணெய் எஸ்.டபிள்யூ. 305 என்ற குறியீட்டின்கீழ் அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. பழைய டப்பாவிலேயே ஊற்றி மூடி, கழிவெண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம். கொடுக்கும் முன் அதை வெயிலில் ஒருமுறை சாய்த்து, அந்த மினுமினுப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.