பொட்டலம் பிரிந்தால் நஷ்டம் யாருக்கு?

சாத்தூரைக் கடந்து பயணம் செய்தவர்களுக்கு இவ்வூர்க் காராச்சேவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கடைக்காரர் எடை போட்டு, காகிதத்தில் கட்டி, நூலைச் சுற்றிக் கையில் கொடுப்பார்; பொட்டலம் வாங்கியவரின் பையிலேயே ஊர் போய்ச் சேரும். இப்போது அதே சேவு செல்லிடப்பேசி வழியாக விலைபேசப்பட்டு, பெங்களூருக்கும் தில்லிக்கும் அட்டைப் பெட்டியில் தனியே பயணம் செய்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும், 2020-இல் அதைப் பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் அதே வழியில்தான் செல்கின்றன.

இந்த மாற்றத்தில் பலரின் கவனத்துக்கு வராத ஒன்று உண்டு. அன்று பொட்டலத்துக்குக் காவலாக இருந்தது வாங்கியவரின் கை. இன்று அந்தக் கை இல்லை. பதிவு அலுவலகம், பிரிப்பு மையம், லாரி, மறுபடியும் ஒரு பிரிப்பு மையம், கொண்டுவந்து தருபவரின் இருசக்கர வாகனம் என்று பெட்டி பல கைகள் மாறுகிறது. முன்பு மனிதர் செய்த காவலை இப்போது பெட்டியும் அதன்மீது ஒட்டப்படும் நாடாவும் செய்தாக வேண்டியிருக்கிறது.

என்னிடம் பொருளியல் பயின்ற மாணவி ஒருவர் வீட்டிலிருந்தே சேவும் முறுக்கும் அனுப்பி வருகிறார். ஆறு பொட்டலங்களுடன் சென்னைக்குச் சென்ற பெட்டி ஒன்று, அடிப்பக்கம் பிளந்து, நான்கு பொட்டலங்களுடன் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். கொண்டுசென்ற நிறுவனமோ பெட்டி சரியாக ஒட்டப்படவில்லை என்றது. பெட்டி தானாகப் பிளந்ததா, யாரேனும் பிரித்தார்களா என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. பணத்தை மாணவிதான் திருப்பிக் கொடுத்தார்.

இதன் பொருளாதாரத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 600 ரூபாய்க்கு விற்கும் ஒரு பெட்டிக்குச் சரக்கு, அட்டை, அனுப்பும் கட்டணம் எல்லாம் சேர்த்து 510 ரூபாய் செலவு என்று கொள்வோம். ஆதாயம் 90 ரூபாய்; நூறு பெட்டிக்கு 9,000 ரூபாய். அவற்றில் ஐந்து பெட்டிகள் சேதமாகி, முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் மிஞ்சுவது 6,000 ரூபாய். சேதம் நூற்றுக்கு ஐந்துதான். ஆனால் ஆதாயத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பெட்டிக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகச் செலவிட்டு நன்றாகக் கட்டி, சேதத்தை ஒன்றாகக் குறைத்தால் ஆதாயம் 7,900 ரூபாயாக உயரும். 500 ரூபாய்ச் செலவில் 1,900 ரூபாய் கூடுதல் ஆதாயம் தரும் முதலீடு சிறுதொழிலில் எளிதில் கிடைப்பதில்லை.

நஷ்டத்தை ஏன் விற்பவரே சுமக்க நேர்கிறது? சட்டத்தின் அமைப்பு அப்படி. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. நுகர்வோருக்கு இது நியாயமான பாதுகாப்பு. மறுபக்கம், கொண்டுசெல்பவரின் பொறுப்புக்கு வரம்பு இருக்கிறது. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் 2011-ஆம் ஆண்டு விதிகளும், அனுப்புபவர் கூடுதல் இடர்க் கட்டணம் செலுத்தியிருந்தாலன்றி, இழப்பீட்டைச் சரக்குக் கட்டணத்தின் பத்து மடங்குக்குள் நிறுத்துகின்றன. 2023-ஆம் ஆண்டின் அஞ்சல் அலுவலகச் சட்டமும், விதிகளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பொறுப்பேற்பதில்லை.

தனியார் தூதஞ்சலின் நிலையை ஒரு வழக்கு தெளிவாக்குகிறது. பாரதி நிட்டிங் கம்பெனி 1990-இல் ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவண உறை போய்ச் சேரவில்லை. மாற்று ஆவணங்கள் சேர்வதற்குள் விற்பனைக் காலம் முடிந்துவிட, நிறுவனத்துக்கு நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல் நஷ்டம். ஆனால் அனுப்பும்போது கையெழுத்திட்ட சீட்டில் பொறுப்பின் வரம்பு 100 அமெரிக்க டாலர் என்று இருந்தது. 1996-இல் உச்சநீதிமன்றம் அந்த வரம்பையே உறுதி செய்தது. சிறிய எழுத்தில் அச்சிட்ட சீட்டில் கையெழுத்திடும் ஒவ்வொரு சிறுவணிகரும் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

ஒரு விபத்தைக் குறைந்த செலவில் தடுக்கக்கூடியவர் யாரோ, அவர்மீதே அதன் பொறுப்பைச் சுமத்த வேண்டும் என்பது சட்டப் பொருளியல் அறிஞர் கிடோ காலப்ரேசியின் புகழ்பெற்ற கருத்து. பெட்டி பலவீனத்தால் பிளந்தால் அதைக் குறைந்த செலவில் தடுத்திருக்கக்கூடியவர் விற்பவர். வழியில் திருடப்பட்டால் தடுத்திருக்கக்கூடியவர் கொண்டுசெல்பவர். இரண்டையும் பிரித்துக் காட்டும் சான்று இல்லாதபோது, இரண்டு நஷ்டமும் விற்பவர் தலையில் விழுகிறது. எனவே ஒட்டுநாடாவுக்கு இரண்டு வேலைகள்: பெட்டியை மூடி வைப்பது; யாரேனும் பிரித்தால் காட்டிக்கொடுப்பது. இந்த இரண்டாவது வேலை நமக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அலுவலர்கள் வணிகப் பொதிகளின்மீது புலிச் சின்னம் பொறித்ததைப் பட்டினப்பாலை பதிவு செய்திருக்கிறது.

இனி நடைமுறைக்கு வருவோம். கட்டுமானம் உள்ளிருந்து தொடங்க வேண்டும். சேவு எண்ணெயும் மாவுத்தூளும் நிறைந்த பண்டம். பையின் வாயில் அவை படிந்திருந்தால், சூட்டால் ஒட்டும் இயந்திரம் எவ்வளவு அழுத்தினாலும் நடுவே மெல்லிய வழி ஒன்று திறந்தே இருக்கும். எனவே பையில் மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டு நிரப்பி, வாயைத் துடைத்த பிறகே ஒட்ட வேண்டும். மாதிரிக்கு ஒரு பையைத் தண்ணீரில் அமிழ்த்தி அழுத்தினால், குமிழி வருகிறதா என்பதிலிருந்து ஒட்டின் தரம் தெரிந்துவிடும். எண்ணெய் வெளியே கசிந்தால் அட்டை நனைந்து தளர்வதோடு, அதன்மேல் நாடாவும் ஒட்டாது.

அட்டைப் பெட்டியின் வலிமை பெரும்பாலும் அதன் மூலைகளிலும் ஓரங்களிலும் இருக்கிறது. மூலை நசுங்கிய பழைய பெட்டி, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், பாதி வலிமையை இழந்ததாகவே கொள்ள வேண்டும். ஈரக்காற்றிலும் அட்டை தளரும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெட்டிகளைத் தரையில் அடுக்கி வைப்பது கூடாது. உள்ளே வெற்றிடம் இருந்தால் பொட்டலங்கள் உருண்டு நாடாவை உள்ளிருந்தே இடிக்கும். கசக்கிய காகிதத்தால் அதை நிரப்பலாம். (செய்தித்தாளில் உணவை நேரடியாகப் பொதிவதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடை செய்துள்ளன; உறையிட்ட பொட்டலங்களுக்கு வெளியே இடைவெளி நிரப்புவது வேறு.) ஆட்டிப் பார்த்தால் சத்தம் வரக் கூடாது, மூடினால் மேற்புறம் உப்பவும் கூடாது.

நாடாவை நடுவிளிம்பில் ஒரே கோடாக ஒட்டிவிட்டு நிறுத்துவதே பொதுவான பழக்கம். அப்போது இரு பக்க ஓரங்களும் திறந்தே இருக்கின்றன. நடுவிளிம்பில் ஒன்று, இரு பக்க ஓரங்களில் ஒவ்வொன்று என ஆங்கில ‘எச்’ எழுத்தின் வடிவில் ஒட்டுவதே முறை. மேற்புறத்துக்குச் செய்வதை அடிப்புறத்துக்கும் செய்ய வேண்டும்; எடை முழுவதையும் தாங்குவது அடிப்புறம்தான். நாடா இரண்டு அங்குல அகலமாவது இருந்து, முனைகள் பக்கச் சுவரில் ஐந்தாறு சென்டிமீட்டர் இறங்க வேண்டும். ஒட்டிய பிறகு கையால் அழுத்தித் தேய்ப்பது அவசியம். இந்தப் பசை அழுத்தத்தால்தான் பிடிக்கும். நீர் தடவி ஒட்டும் காகித நாடா இன்னும் சிறந்தது. அது அட்டையின் நாரோடு பிணைந்துவிடுவதால், கிழிக்காமல் பிரிக்க முடியாது.

முகவரியும் பொருட்பட்டியலும் எழுதிய தாள் ஒன்று பெட்டிக்குள்ளேயும் இருக்கட்டும். வெளிச்சீட்டு கிழிந்தால் அதுவே வழிகாட்டும். பழைய பெட்டியானால் அதன் முந்தைய பட்டைக்கோடுகளை மறைக்க வேண்டும். நம் வட்டாரத்துக்கென்று ஓர் எச்சரிக்கையும் உண்டு: பட்டாசு வந்த பெட்டியில் தின்பண்டம் அனுப்பக் கூடாது. வெடிபொருள் குறியைப் பார்த்ததும் பெட்டி நிறுத்தப்படலாம். பட்டாசை மின்வணிகத் தளங்களில் விற்பதற்கு உச்சநீதிமன்றம் 2018-இல் தடை விதித்திருப்பதையும், வெடிபொருளை அஞ்சலில் அனுப்புவது சட்டவிரோதம் என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும்.

ஒட்டி முடித்த பெட்டியை எடை போட்டு, எடையோடு சேர்த்து ஆறு பக்கங்களையும் படம் எடுத்து வைப்பது இரண்டு நிமிட வேலை. கடையின் பெயர் அச்சிட்ட நாடாவைப் பயன்படுத்தினால், பிரித்து வேறு நாடா ஒட்டியதும் வெளிப்பட்டுவிடும். பன்னாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான ‘இஸ்டா’வின் அடிப்படைச் சோதனையில், இலகுவான பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏறத்தாழ மேசை உயரத்திலிருந்து, பத்து முறை போடுகிறார்கள்: ஒரு மூலை, மூன்று ஓரங்கள், ஆறு பக்கங்கள். இதை எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

இவ்வளவும் தனிமனிதர் செய்யக்கூடியவை. தரம் என்பது தனிமனித அக்கறையால் மட்டும் உருவாவதில்லை என்பதற்கு வரலாறு சான்று. நெளியட்டைக்கு நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் ஜோன்ஸ் 1871-இல் காப்புரிமை பெற்றார். கண்ணாடிக் குப்பிகளைச் சுற்றத்தான் அது முதலில் பயன்பட்டது. பின்னர் அட்டைப் பெட்டிகள் மரப்பெட்டிகளுக்குப் போட்டியாக வந்தபோது, அமெரிக்க ரயில் நிறுவனங்கள் அவற்றுக்குக் கூடுதல் கட்டணம் வசூலித்தன. 1914-இல் பிரிதாம் வழக்கில் அந்தப் பாகுபாடு செல்லாது என்று முடிவாயிற்று. கூடவே, ரயில் நிறுவனங்களின் விதிகளும் அட்டையின் வலிமையை வரையறுத்தன. பெட்டியின் அடியில் அதன் வலிமையையும் தாங்கும் எடையையும் தயாரிப்பாளர் அச்சிடும் வழக்கம் அப்படி வேரூன்றியதுதான். வாங்குபவர் கண்ணால் அறிய முடியாத தரத்தை அந்தச் சிறு முத்திரை அறிவித்தது. தரம் தெரியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று 1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப் விளக்கிய சிக்கலுக்கு, நடைமுறை முன்னரே கண்டிருந்த தீர்வு அது.

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் சீட்டு அச்சிடத் தொடங்கி, நாடறிந்த அச்சு நகரமாக வளர்ந்த சிவகாசி, சாத்தூருக்கு அருகிலேயே இருக்கிறது. இங்கு செய்யப்படும் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் அட்டை அடுக்கு, வலிமை, தாங்கும் எடை ஆகியவற்றை அச்சிடுவது பெரிய செலவல்ல. சிறுவணிகர்கள் சேர்ந்து நல்ல பெட்டியையும் நாடாவையும் மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும்.

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கடல்வணிகத்தில், சரக்கை வெளிப்பார்வைக்கு நல்ல நிலையில் பெற்றதாகக் குறைகூறாத சீட்டு வழங்கிய கப்பல் நிறுவனம், கட்டு சரியில்லை என்று பின்னர் எளிதில் தப்ப முடியாது. அதே நெறி தூதஞ்சலுக்கும் வர வேண்டும். பெட்டியை வாங்கும்போதே ஒட்டைப் பார்த்து, சரியில்லையென்றால் திருப்பிக் கொடுக்கட்டும். சரியென்று ஏற்றுக்கொண்டால், சரக்கின் மதிப்புக்கேற்ற இழப்பீட்டுக்கும் பொறுப்பேற்கட்டும். அப்போதுதான், தன் பெட்டியை ஒழுங்காக ஒட்டி அனுப்பிய சிறுவணிகர் மற்றவர் கையில் நேர்ந்த நஷ்டத்தைச் சுமக்கும் நிலை மாறும்.