கைக்குழந்தையும் கரும்பலகையும்: பள்ளிக்குத் திரும்பும் டீச்சர்களின் சந்தேகங்களும் விளக்கங்களும்

கேரளத்தில் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே மழையும் தொடங்கிவிடும். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பள்ளிகளிலும், மறையூர், மூணாறு, வண்டிப்பெரியாறு தோட்டப் பகுதிப் பள்ளிகளிலும் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பும் டீச்சர்களின் வீட்டில் ஐந்தாறு மாதப் பிள்ளை இருக்கும். “இனிமேல் டப்பா பால்தான்” என்பார்கள் சிலர். “பேசாமல் வேலையை விட்டுவிடேன்” என்பார்கள் வேறு சிலர். இரண்டும் வேண்டியதில்லை. கொஞ்சம் முன்தயாரிப்பும், பள்ளியில் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் இருந்தால் வேலையையும் தாய்ப்பாலையும் சேர்த்தே நடத்தலாம். தமிழ்நாட்டை ஒட்டிய இந்த எல்லைப் பகுதியில் அடிக்கடி எழும் சந்தேகங்களை இங்கே எடுத்துக்கொள்வோம்.

பொள்ளாச்சியில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் அக்காவுக்கு ஓராண்டு விடுப்பு கிடைத்தது. சித்தூரில் வேலை பார்க்கும் எனக்கு ஏன் ஆறு மாதம் மட்டும்?

எத்தனை நாள் விடுப்பு என்பதை முடிவு செய்வது குடியிருக்கும் ஊர் அல்ல, சம்பளம் தரும் அரசு. தமிழ்நாடு அரசு 2021 ஜூலை முதல் தன் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பை 12 மாதமாக உயர்த்தியது. கேரளத்தில் அரசுப் பள்ளி, எய்டட் பள்ளி ஆசிரியைகளுக்குக் கேரள சர்வீஸ் விதிகளின்படி 180 நாள். கேந்திரிய வித்யாலயா ஆசிரியைக்கும் 180 நாள்தான். ஆனால் பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் வரை குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தனியாக உண்டு.

இந்த 180 நாள் ஒரு முக்கியமான கணக்கோடு மோதுகிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம், அதன் பிறகு திட உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே விடுப்பு எடுத்தவர் திரும்பும்போது பிள்ளைக்கு ஐந்து மாதம்தான் ஆகியிருக்கும். அந்த இடைப்பட்ட ஒரு மாதம்தான் உண்மையான சிக்கல். மகப்பேறு விடுப்போடு வேறு வகை விடுப்பைச் சேர்த்து எடுக்க விதியில் இடமுண்டு. விடுப்பு முடியும் வாரம் வரை காத்திருக்காமல், முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்.

நான் தனியார் ஆங்கிலப் பள்ளியில் வேலை செய்கிறேன். “உங்களுக்கெல்லாம் பிரசவ விடுப்பு இல்லை, ராஜினாமா செய்துவிட்டு அடுத்த வருடம் வாருங்கள்” என்கிறார்கள். சரியா?

தவறு. தனியார் கல்வி நிறுவன ஊழியர்களை மகப்பேறு நலச் சட்டத்துக்குள் கொண்டுவந்த முதல் மாநிலம் கேரளம். அந்த அறிவிப்பு 2020 மார்ச்சில் வந்தது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமும், அதற்கு மேல் 12 வாரமும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அந்த விடுப்பில் இருப்பதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்கக் கூடாது. 2025 நவம்பர் 21 முதல் 1961ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் இடத்தைச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு எடுத்துக்கொண்டது. 26 வாரமும் பாலூட்டும் இடைவேளையும் அதிலும் தொடர்கின்றன.

தினக்கூலி, ஒப்பந்த ஆசிரியைகளும் மனம் தளர வேண்டாம். தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு உரிமை உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அந்தப் பலன் நிற்காது என்பது 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பள்ளி மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பிறகு அந்தக் கடிதத்தோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். வாய்ப்பேச்சாக வரும் மறுப்பை நம்பி ராஜினாமா எழுதிக் கொடுத்த பிறகு போராடுவது மிகக் கடினம்.

பள்ளி நேரத்தில் பால் கொடுக்க இடைவேளை உண்டா?

உண்டு. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைச் சட்டம் தருகிறது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம். ஆனால் எல்லைப்புறத்துச் சிறு பள்ளி எதிலும் 50 ஊழியர் இருக்கப்போவதில்லை. இத்தனைக்கும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் எஸ்டேட்டில் பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளைக்கு எழுபது ஆண்டுக்கு முன்பே சட்டம் நினைத்துப் பார்த்த அந்த இடம், அவளுடைய மூத்த பிள்ளைக்குப் பாடம் சொல்லும் டீச்சரின் குழந்தைக்கு இன்றும் இல்லை. அரசு கவனிக்க வேண்டிய குறை இது.

அதுவரை, பள்ளிக்குப் பக்கத்தில் வீடோ உறவினரோ இருந்தால் மதிய இடைவேளையில் பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லி நேரடியாகப் பாலூட்டுவதே சிறந்தது. பொள்ளாச்சியிலிருந்தோ கம்பத்திலிருந்தோ பஸ் ஏறி வருகிறவர்களுக்கு அது முடியாது. அவர்களுக்கு உரியது அடுத்த பதில்.

பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம் என்கிறார்கள். கெட்டுப்போகாதா?

முறையாக வைத்தால் கெடாது. ஊரைப் பார்த்து முறையை மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பீய்ச்சிய பாலை 25 டிகிரிக்கு உட்பட்ட அறையில் நான்கு மணி நேரம் வைக்கலாம். ஃப்ரிட்ஜின் உள்பகுதியில் நான்கு நாள். தனிக் கதவுள்ள ஃப்ரீசரில் ஆறு மாதம் வரை நன்றாக இருக்கும். ஐஸ் பேக் வைத்த மூடிய பெட்டியில் ஒரு நாள் தாங்கும். தேவிகுளம், மூணாறு குளிரில் நான்கு மணி நேரக் கணக்கைத் தயங்காமல் நம்பலாம். மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே பீய்ச்சிய கையோடு ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மேசைமேல் விட்டுவிட்டு அடுத்த பீரியடுக்குப் போகாதீர்கள். மலைப்பகுதியில் வேறொரு தொல்லை உண்டு: மழைக்காலத்தில் மணிக்கணக்கில் கரண்ட் போகும். ஃப்ரீசரை அடிக்கடி திறக்காமல் இருந்தால் குளிர் அதிக நேரம் நிற்கும். மூணாறு பக்கத்துக் கேப் ரோட்டில் மண் சரிந்து ஜீப் நின்றுவிட்டால் வீடு சேர இரவாகலாம். அப்படிப்பட்ட நாளுக்காக ஒரு வேளைப் பாலைக் கூடுதலாக உறைய வைத்திருங்கள்.

பம்ப் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த வாயகன்ற கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கருவளையத்தின் ஓரத்தில் கட்டைவிரல் மேலும் மற்ற விரல்கள் கீழும் இருக்கட்டும். முதலில் மார்புக் கூட்டை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விட வேண்டும். காம்பை இழுக்கக் கூடாது. முதல் சில நாள் சில சொட்டுதான் வரும், பழகப் பழகக் கூடும். வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பே, காலையில் பிள்ளை குடித்து முடித்ததும் ஒருமுறை பீய்ச்சிப் பழகுங்கள்.

வைத்த பாலில் மேலே கொழுப்பு ஆடையாக ஒதுங்கி நிற்கும். பால் திரிந்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் காய்ச்சவோ மைக்ரோவேவில் வைக்கவோ கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும். உறைநிலையிலிருந்து இளகிய பாலைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. பிள்ளை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்துக் கொடுக்கக் கூடாது.

எவ்வளவு பால் வைத்துவிட்டுப் போக வேண்டும்? புட்டியில் கொடுக்கலாமா?

ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை நாள் முழுக்கக் குடிப்பது சராசரியாக 750 மில்லி. எட்டு மணி நேரம் நீங்கள் வெளியே இருந்தால் 250 மில்லி அளவு தேவைப்படும். புட்டியைத் தவிர்ப்பது நல்லது. நம் பாட்டிகள் வைத்திருந்த பாலாடை இதற்கென்றே ஆன பாத்திரம், கழுவுவதும் சுலபம். தாய் பக்கத்தில் இருந்தால் பிள்ளை பாலாடையைத் தொடாது. எனவே பழக்கும் நாட்களில் பாட்டியோ அப்பாவோ கொடுக்கட்டும், நீங்கள் வெளியே போய்விடுங்கள். ஆறு மாதம் கடந்த பிள்ளைக்குப் பகலில் ராகிக் கூழ், மசித்த நேந்திரம்பழம், அங்கன்வாடியில் தரும் குடும்பஸ்ரீயின் அமிர்தம் நியூட்ரிமிக்ஸ் ஆகியவை கைகொடுக்கும். சில பிள்ளைகள் பகலில் குறைவாகக் குடித்துவிட்டு, தாய் வந்ததும் இரவெல்லாம் குடிப்பார்கள். இது நோயல்ல. இரவுப் பாலூட்டல்தான் பால் சுரப்பைக் காப்பாற்றித் தருகிறது.

வெயிலில் பஸ் இறங்கி நடந்து வந்தால் “சூட்டுப் பால், முதலில் கொஞ்சம் பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் கொடு” என்கிறார் மாமியார். பகலெல்லாம் தேங்கிய பால் கெட்டதா?

அத்தையின் அக்கறையை மதிக்கலாம், பாலைக் கொட்ட வேண்டாம். வெயிலில் நடந்தாலும் பால் உடலின் வெப்பத்திலேயேதான் இருக்கிறது. மார்பில் எத்தனை மணி நேரம் நின்றாலும் பால் கெடாது. மறையூரிலிருந்து மழையில் நனைந்து வந்தாலும் பாலால் பிள்ளைக்குச் சளி பிடிக்காது. ஈரத் துணியை மாற்றி, கைகழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உடனே பிள்ளையை எடுங்கள். இந்த ஒரு நம்பிக்கையால் நாள்தோறும் வீணாகும் பால் கொஞ்சநஞ்சமல்ல.

வகுப்பு நடக்கும்போது பால் கசிகிறது. மாலைக்குள் கல்லாகக் கட்டிக்கொள்கிறது.

கசிவுக்கு மடித்த பருத்தித் துணி போதும். மாற்றுத்துணி ஒன்று பையில் இருக்கட்டும். கசியத் தொடங்கும்போது கைகளைக் கட்டியபடி மார்பை லேசாக அழுத்தினால் நிற்கும். பால் கட்டாமலிருக்க மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்ச வேண்டும். காலை இடைவேளையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை என்பது பெரும்பாலானவர்களுக்குச் சரிவரும். ஒரு பக்கம் சிவந்து, வலித்து, குளிர்காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் பாலூட்டலை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் கட்டு கூடும்.

பால் கொடுக்கும்வரை கர்ப்பம் தரிக்காதாமே?

பிள்ளைக்கு ஆறு மாதத்துக்குள், மாதவிலக்கு திரும்பாமல், இரவும் பகலும் நீண்ட இடைவெளி இல்லாமல் தாய்ப்பால் மட்டும் கொடுக்கும்வரைதான் அந்தப் பாதுகாப்பு. பள்ளிக்குப் போகத் தொடங்கினாலே இடைவெளி விழுந்துவிடும். வேறு வழியை மருத்துவரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் இருக்கிறார்கள். எங்கே போய்ப் பீய்ச்சுவது? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கழிப்பறையில் வேண்டவே வேண்டாம். பிள்ளை குடிக்கும் பாலை அங்கே எடுக்கச் சொல்வது அநியாயம். தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015இலேயே பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பொது இடங்களில் இத்தகைய அறைகள் வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. பள்ளியில் இதற்குத் தனிக் கட்டடம் தேவையில்லை. லேப், நூலகம், ஸ்டோர் ரூம் எதுவானாலும் சரி. ஒரு நாற்காலி, சன்னலுக்குத் திரை, உள்ளே போடத் தாழ்ப்பாள், கைகழுவத் தண்ணீர் இருந்தால் போதும்.

தலைமையாசிரியர்களே, பள்ளி திறந்ததும் டைம்டேபிள் போடும்போது, கைக்குழந்தை உள்ள டீச்சருக்குக் காலை இடைவேளையை ஒட்டி ஒரு ஃப்ரீ பீரியடும், மதிய உணவை ஒட்டி இன்னொன்றும் ஒதுக்குங்கள். அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். பி.டி.ஏ. முதல் கூட்டத்திலேயே அந்த அறையை முடிவு செய்து, சாவியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.