உங்களுக்குத் தெரியுமா? ஓடையும் வாயு விடும்!

● வயலில் போடும் தழைச்சத்து உரம் முழுவதையும் பயிர் எடுத்துக்கொள்வதில்லை. மிஞ்சியது நைட்ரேட்டாகக் கரைந்து ஓடையில் சேர்கிறது. அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாகிக் காற்றில் கலக்கிறது.

● 1772இல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டறிந்த வாயு இது. பல் மருத்துவமனைகளில் வலி தெரியாமலிருக்கக் கொடுக்கும் 'சிரிப்பு வாயு'வும் இதுதான்.

● பூமியைச் சூடாக்குவதில் இது பொல்லாதது. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், இதன் ஒரு கிலோ சுமார் 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

● ஓசோன் படலத்தையும் இது அரிக்கிறது. ஆனாலும் ஓசோனைக் காக்க 1987இல் உருவான மாண்ட்ரீல் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இது இல்லை.

● ஓடையில் இதை உண்டாக்குபவை சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள். ஆக்சிஜன் கிடைக்காத இடத்தில் அவை நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. பெரும்பகுதி தீங்கற்ற நைட்ரஜனாகிவிடும். சிறு பகுதி மட்டும் பாதி வழியில் நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறிவிடும்.

● அந்தச் 'சிறு பகுதி' எவ்வளவு? அமெரிக்காவின் 72 ஓடைகளை ஆராய்ந்து 2011இல் வெளியான முடிவு: 1 சதவீதத்துக்கும் குறைவு! ஆனால் உலக ஆறுகள் அனைத்தையும் கூட்டினால், மனிதர்களால் வெளியாகும் நைட்ரஸ் ஆக்சைடில் சுமார் 10 சதவீதம் என்று அதே ஆய்வு மதிப்பிட்டது.

● பெரிய ஆற்றைவிடச் சின்ன ஓடைதான் மோசம். அமெரிக்காவின் மக்காச்சோள வட்டாரத்தில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், வயலை ஒட்டிய சிற்றோடைகளே ஒரு சதுர மீட்டருக்கு அதிக வாயுவை விட்டன. அந்த வட்டாரத்திலுள்ள தெற்கு மின்னசோட்டாவில் ஆறு, ஓடைகளின் பங்கு 9 மடங்கு வரை குறைத்து மதிப்பிடப்பட்டிருந்ததாம்.

● அதே வட்டாரத்திலுள்ள அயோவா மாநில வயல்களில், தேங்கும் நீரை வடிக்க மண்ணுக்கடியில் துளையிட்ட குழாய்கள் பதித்திருக்கிறார்கள். நைட்ரேட் அவற்றின் வழியே நேராக ஓடைக்குப் போகிறது. அம்மாநிலத்தின் டெ மொயின் நகரக் குடிநீர் நிறுவனம் நைட்ரேட்டை நீக்கவே தனி ஆலை நடத்துகிறது. இந்த நைட்ரேட்டுக்காக ஆற்றின் மேல்பகுதி மாவட்டங்கள் மீது 2015இல் அது தொடுத்த வழக்கு 2017இல் தள்ளுபடியானது.

● அயோவாவின் சில வயல்களில் இப்போது மரச்சில்லு நிரப்பிய குழிகளின் வழியே வடிகால் நீரைச் செலுத்துகிறார்கள். உள்ளே வளரும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் கணிசமான பகுதியை நைட்ரஜனாக மாற்றிவிடுகின்றன.

● இதைவிடச் சுலபமான வழி வயலிலேயே இருக்கிறது. உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல், பயிருக்குத் தேவைப்படும் பருவம் பார்த்துப் பிரித்துப் போடுங்கள். உரக் காசும் மிச்சமாகும், ஓடைக்குப் போகும் நைட்ரேட்டும் குறையும்.