மலைக்கோட்டையோடு முடியுதா திண்டுக்கல் வரலாறு? பாட்டி சொல்வதும் சட்டப்படி சாட்சிதான்!

பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை. திண்டுக்கல் என்றதும் நினைவுக்கு வருவது இவைதான். ஆனால், அந்த மலைக்கோட்டையில் நின்று பார்த்தால் தெரியும் சிறுமலையிலும், மேற்கே பழனி மலையிலும் வாழும் பளியர் பழங்குடிகளுக்கு வரலாறு என்பது டூரிஸ்ட் சமாச்சாரம் இல்லை. சொந்த நிலம் கையில் இருக்குமா என்பதையே தீர்மானிக்கும் விஷயம். எப்படி?

கோட்டை யார் யார் கையில் இருந்தது?

மதுரை நாயக்கர்கள் 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கோட்டை இது. 1755-ல் மைசூர் அரசு, ஹைதர் அலியை ஃபௌஜ்தாராக இங்கே அனுப்பியது. 1790-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கோட்டையைப் பிடித்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமையே கம்பெனி வசம் போனது.

'கலகக்காரர்' வீரரானது எப்படி?

வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த விருப்பாட்சி கோபால நாயக்கர், கம்பெனிக்கு எதிராகப் பாளையக்காரர்களைத் திரட்டினார். 1801-ல் தூக்கிலிடப்பட்டார். கம்பெனி ஆவணங்களில் அவர் வெறும் கலகக்காரர். வரலாற்றுப் பேராசிரியர் கே.ராஜய்யன் அதே ஆவணங்களைத் தோண்டி, 1800-01 கிளர்ச்சிதான் முதல் சுதந்திரப் போர் என்று 1971-ல் புத்தகம் எழுதினார். ஆவணம் மாறவில்லை, கேட்ட கேள்விதான் மாறியது.

இதில் பளியர் எங்கே?

கோட்டைக் கதையில் அவர்களுக்கு இடமே இல்லை. ஜே.எச்.நெல்சனின் மதுரை நாடு பற்றிய நூல் (1868), டபிள்யூ.பிரான்சிஸின் மதுரை மாவட்ட கெஜட்டியர் (1906) இரண்டும் வெள்ளைக்கார அதிகாரிகள் நிர்வாகத்துக்காக எழுதியவை. மலைவாழ் மக்கள் பற்றி அவற்றில் இருப்பது வெளியாள் பார்வைதான். 1882 சென்னை வனச் சட்டம் வந்தபிறகு, காப்புக்காடுகளில் தேனும் கிழங்கும் எடுப்பதுகூட அதிகாரிகளின் அனுமதிக்குள் வந்துவிட்டது.

பாட்டி சொல்வது எப்படி சாட்சியாகும்?

வன உரிமைச் சட்டம், 2006-ன்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் வாழ்ந்தோ பயிரிட்டோ வரும் பழங்குடியினர் அதற்கு உரிமை கோரலாம். கோரிக்கையை முதலில் பரிசீலிப்பது கிராம சபை. விதிகள் ஏற்கும் சாட்சிகளில் சில:

• கெஜட்டியர், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, சர்வே போன்ற அரசு ஆவணங்கள்
• வீடு, கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம் போன்ற அடையாளங்கள்
• உரிமை கோருபவர் அல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்லி, எழுத்தில் பதிவான வாக்குமூலம்

இவற்றில் ஒன்றுக்கு மேல் காட்ட வேண்டும். அதாவது, வெள்ளைக்காரர் எழுதிய கெஜட்டியரும் ஒரு சாட்சி. "எங்க அப்பனைப் புதைச்சது இந்தப் பாறைக்குக் கீழதான்" என்று ஒரு பாட்டி சொல்வதும் ஒரு சாட்சி!

வரலாற்று ஆர்வலர்கள் என்ன செய்யலாம்?

பக்கத்து ஊர் மதுரையிலேயே முன்மாதிரி இருக்கு. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்த சூழலில், எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் 2010-ல் தொடங்கியது 'பசுமை நடை'. சமணர் குகை, கல்வெட்டு என்று மக்களைக் கூட்டிப்போய், அந்த இடத்திலேயே வரலாற்றைச் சொல்வது இவர்கள் வழக்கம். இடத்தைத் தெரிந்துகொண்டவர்கள்தானே அதைக் காப்பாற்றவும் வருவார்கள்!

மலைக்கிராமத்தில் இதைச் செய்ய, கையில் இருக்கும் போனே போதும். ஆனால், மூன்று விஷயங்கள் முக்கியம். பேசுபவரின் சம்மதம் வேண்டும். தேதி, இடம், சாட்சிகளின் பெயரோடு எழுத்திலும் பதிவு வேண்டும். ஒரு பிரதி அந்த ஊரிடமே இருக்க வேண்டும்.

கெஜட்டியர் எங்கும் போய்விடாது. அது நூலகத்தில் இருக்கும். எண்பது வயதுப் பெரியவரின் நினைவுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. எதை முதலில் பதிவு செய்வது என்பதில் குழப்பம் வேண்டியதில்லை.