வாய் திறக்க முடியாத வாடிக்கையாளர்

சென்ற ஐப்பசியில், மழை விட்டும் தூவானம் விடாத ஒரு மாலையில், மதுரையில் எனக்கு நெடுநாளாகப் பழக்கமான நண்பர் ஒருவர், வீட்டுக்குள் வராமல் திண்ணையோரத்திலேயே நின்றுகொண்டு, தம்முடைய கைப்பேசியை என்னிடம் நீட்டினார். நாற்பது வயதைக் கடந்தவர். விவாகரத்துக்குப் பிறகு மூன்று ஆண்டுகளாக வயதான தாயாரோடு வசித்து வருபவர். திரையில் வங்கி அனுப்பிய குறுஞ்செய்தி ஒன்று இருந்தது. மறுநாள் அவருடைய கார்டிலிருந்து 1,499 ரூபாய் எடுக்கப்படும் என்று அது அறிவித்தது. பணத்தைப் பெறப்போகும் ஸ்தாபனத்தின் பெயரைப் பார்த்தால் ஏதோ மருந்துக் கம்பெனியின் பெயர் போலிருந்தது. "ஏழு மாசமா வருது, அண்ணே. அம்மா கண்ணுல படுறதுக்கு முன்னாடி அழிச்சிடுவேன்" என்றார். சொல்லி முடிக்கும் வரையில் அவர் தலை நிமிரவேயில்லை.

திருமணத்தை உத்தேசிக்காமல், சிறிது காலம் பழகுவதற்குத் துணை தேடும் பெரியவர்களுக்கென்று நடத்தப்படும் டேட்டிங் தளம் ஒன்றில் அவர் சந்தா கட்டியிருந்தார். இரண்டு வாரம் எழுதிப் பார்த்ததில், மறுமுனையில் இருப்பவர் உண்மையில் ஒரு பெண்தானா என்ற சந்தேகம் தோன்றவே, அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். சந்தா மட்டும் நிற்கவில்லை.

வயது வந்த இருவர் பரஸ்பர சம்மதத்துடன் எவ்வாறு பழக வேண்டும் என்று உபதேசம் செய்ய எனக்கு விருப்பமில்லை. தனிமை எவ்வளவு கனமான சுமை என்பதைச் சுமந்து அறிந்தவர்கள் அந்த உபதேசத்தைச் செய்யவும் மாட்டார்கள். என் கவலை வேறு. வாங்கிய மின்விசிறி ஒரு வாரத்தில் நின்றுபோனால் நேரே கடைக்குப் போய் நாலு பேர் அறிய நியாயம் கேட்கிற அதே மனிதர், இந்த வியாபாரத்தில் ஏமாந்தால், கூடப்பிறந்தவனிடம்கூடச் சொல்லாமல் நஷ்டத்தை விழுங்கிக்கொள்கிறார். ஏமாந்தவன் வாய் திறக்கமாட்டான் என்ற நிச்சயம் வியாபாரிக்கு முன்கூட்டியே கிடைத்துவிடுகிற தொழில்கள் உலகில் வெகு சிலவே. ஆகவே, இத்தகைய தளம் ஒன்றை மதிப்பிட விரும்புகிறவர், அதில் எத்தனை லட்சம் அங்கத்தினர்கள் இருக்கிறார்கள் என்பதையும், முகப்பிலுள்ள படங்கள் எவ்வளவு வசீகரமாயிருக்கின்றன என்பதையும் ஒதுக்கிவிட்டு, வாய் திறக்க முடியாத வாடிக்கையாளரை அந்த ஸ்தாபனம் எப்படி நடத்துகிறது என்ற ஒன்றையே பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பரீட்சையைப் பிறர் நமக்காகச் செய்து வைத்திருப்பார்கள் என்று நம்புவதற்கு இடமில்லை. 'சிறந்த பத்து டேட்டிங் தளங்கள்' என்ற தலைப்பில் இணையத்தில் மலிந்து கிடக்கும் மதிப்புரைகளில் மிகப் பல, அவற்றின் வழியாகப் போய்ச் சேரும் ஒவ்வொரு புதிய அங்கத்தினருக்கும் இவ்வளவு என்று தளத்தாரிடமிருந்து தரகு பெறுகின்றவை. பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், 'இவற்றிலிருந்து எங்களுக்கு வருமானம் கிடைக்கக்கூடும்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைக் கண்ட மாத்திரத்தில், மேலேயுள்ள நட்சத்திரங்களையெல்லாம் விளம்பரமென்று எண்ணிக்கொள்வதே நலம்.

துணை தேடித் தரும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைப்பது புதிய யோசனையன்று. 1965-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்கள் 'ஆபரேஷன் மேட்ச்' என்ற பெயரில், கேள்வித்தாளைப் பூர்த்தி செய்து 3 டாலர் அனுப்பியவர்களுக்கு, கம்ப்யூட்டர் பொருத்தம் பார்த்துத் தேர்ந்த பெயர்களைத் தபாலில் அனுப்பி வைத்தார்கள். காசும் ஒரு முறை, பட்டியலும் ஒரு முறை. அத்துடன் கணக்கு முடிந்தது. 1995-இல் மேட்ச் டாட் காம் தொடங்கியதற்குப் பின்னர் பெருகிய தளங்களில் பெரும்பாலானவை மாதச் சந்தாவை நம்பி நிற்பவை. சில, அனுப்பும் கடிதத்துக்கு இவ்வளவு என்று 'கிரெடிட்' விற்பவை. இவ்விரண்டாவது முறையில் பேச்சு வளர வளரத் தளத்துக்கு லாபம். இருவரும் நேரில் சந்தித்துவிட்டால் வருமானம் நின்றுவிடும். பொதுவாக இத்தளங்களில் ஆண்கள் மிகுதியாகவும் பெண்கள் சொற்பமாகவும் இருப்பதால், இல்லாத பெண்களைப் படைத்துக்கொள்ளும் சபலம் தளத்தாருக்கு எளிதில் உண்டாகிறது.

அந்தச் சபலம் எப்படி வேலை செய்கிறது என்பதை 2014-இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் ஒரு வழக்கில் விரிவாக எடுத்துக் காட்டியது. ஜே.டி.ஐ. டேட்டிங் என்ற இங்கிலாந்துக் கம்பெனி கியூபிட்ஸ்வாண்ட், ஃபிளர்ட்கிரவுட் முதலிய 18 தளங்களை நடத்தி வந்தது. புதிதாக ஒருவர் இலவசமாகச் சேர்ந்து, தம் படத்தையும் போடாமல், தம்மைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் இருக்கும்போதே, அக்கம்பக்கத்தில் வசிப்பவர்கள் அனுப்பியதாகத் தோன்றும் கடிதங்கள் வந்து குவியத் தொடங்கும். பதில் எழுத வேண்டுமானால் மாதம் 10 முதல் 30 டாலர் வரை சந்தா கட்ட வேண்டும். கட்டிய பிறகு பார்த்தால், எழுதியவர்கள் மனிதர்களே அல்லர். கம்பெனி தானே படைத்த கற்பனை அங்கத்தினர்கள். 'விர்ச்சுவல் கியூபிட்' என்பது கம்பெனி அவர்களுக்கு இட்ட பெயர். அந்த உருவங்களின் பக்கத்தில் 'வி', 'சி' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பிணைத்து ஒரு குறி இருந்தது. அவ்வளவு சிறிய குறியைக் கவனிப்பவர் அரிது. கவனித்தாலும் அதன் பொருளைக் கண்டுகொள்பவர் அதனினும் அரிது. சந்தாவும் கேளாமலே மாதந்தோறும் புதுப்பிக்கப்பட்டு வந்தது. முடிவில் அந்தக் கம்பெனி 6,16,165 டாலர் திருப்பிச் செலுத்தச் சம்மதித்தது.

இதிலிருந்து வாசகர்கள் செலவில்லாமல் செய்து பார்க்கத் தக்க ஒரு சோதனை கிடைக்கிறது. பழைய மின்னஞ்சல் முகவரியைத் தராமல், இதற்கென்றே புதிதாக ஒன்றை ஏற்படுத்திக்கொண்டு, படமும் விவரமும் இல்லாத வெறும் கணக்கொன்றைத் திறந்து, ஒரு நாள் சும்மா இருந்து பாருங்கள். முகமும் ஊரும் தெரியாத ஒருவரைத் தேடி இருபது பேர் ஆவலோடு எழுதினால், அந்த ஆவல் யாருடையது என்பது விளங்கிவிடும். பிறகு, யாரும் படிக்காத அந்த நிபந்தனைப் பக்கத்தைத் திறந்து, 'ஃபிக்டிஷியஸ்' என்றும் 'என்டர்டெயின்மென்ட்' என்றும் வரும் சொற்களைத் தேடுங்கள். சில தளங்கள், தங்களிடமுள்ள அங்கத்தினர்களில் பலர் கற்பனைப் பாத்திரங்கள் என்பதையும், அவர்கள் பெயரில் எழுதுவதற்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பதையும், சட்டத்துக்குப் பயந்து அங்கே ஒப்புக்கொண்டிருக்கும்.

பணம் போவதைக் காட்டிலும் மானம் போவது கொடிது என்பதற்கு ஆஷ்லி மேடிசன் விவகாரத்தை நினைவுகூராமல் இருக்க முடியாது. மணமானவர்களுக்கு வெளித் தொடர்பு தேடித் தருவதாக விளம்பரம் செய்த அந்தத் தளத்தைக் கனடாவின் டொரான்டோ நகரிலிருந்து அவிட் லைஃப் மீடியா என்ற கம்பெனி நடத்தி வந்தது. 2015 ஜூலையில் 'இம்பாக்ட் டீம்' என்று தங்களை அழைத்துக்கொண்ட ஹேக்கர்கள், தளத்தை மூடாவிட்டால் அங்கத்தினர்களின் விவரங்களைப் பகிரங்கப்படுத்துவோம் என்று மிரட்டி, ஆகஸ்ட் மாதத்தில் அவ்வாறே செய்தார்கள். ஏறக்குறைய 3 கோடியே 60 லட்சம் கணக்குகள் வெளிப்பட்டன. மிரட்டிப் பணம் கேட்கும் கடிதங்கள் அன்று வரத் தொடங்கியவை, ஐந்தாண்டு கழித்து 2020-லும் வந்துகொண்டிருந்தன.

கனடா, ஆஸ்திரேலியா ஆகிய இரு நாடுகளின் அந்தரங்கப் பாதுகாப்பு ஆணையர்கள் கூட்டாக விசாரித்து, 2016 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் கண்ட விஷயங்கள் என் மனத்தை விட்டு நீங்காதவை. தளத்தின் முகப்பில், பாதுகாப்புக்காகப் பெற்ற விருது என்று ஒரு பதக்கச் சின்னம் பொறிக்கப்பட்டிருந்தது. அப்படி ஒரு விருதை யாரும் வழங்கவில்லை, கம்பெனியே இட்டுக்கட்டியது. தம் விவரங்களை அடியோடு அழித்துவிட வேண்டுமென்று விரும்பியவர்களிடம் 19 டாலர் கட்டணம் வசூலிக்கப்பட்டது. அதைக் கொடுத்தவர்களின் விவரங்களும் உடனே அழிக்கப்படாமல், ஓராண்டு வரையில் வைத்துக்கொள்ளப்பட்டன. மானத்தைக் காத்துக்கொள்வதற்கென்றே காசு கொடுத்தவர்களின் பெயர்களும் இவ்வாறு அந்தக் குவியலில் கிடந்தன. இதைவிடப் பெரிய அநியாயம் வேறொன்று. சேருகிறவர் கொடுக்கும் மின்னஞ்சல் முகவரி அவருடையதுதானா என்று தளம் சரிபார்க்கவேயில்லை. எவனோ விளையாட்டாகவோ விரோதத்தாலோ கொடுத்த முகவரியால், அந்தத் தளத்தின் பெயரையே கேள்விப்பட்டிராதவர்களும் தங்கள் வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டிய நிலைக்கு ஆளானார்கள். சொன்னால் யார் நம்புவார்கள்? அமெரிக்க வர்த்தக ஆணையமும் பல மாநிலங்களும் தொடுத்த வழக்கில், போலிப் பெண்களின் பெயரால் ஆண்களை ஈர்த்ததும் குற்றச்சாட்டுகளில் ஒன்றாக இருந்தது. 2016 டிசம்பரில் விதிக்கப்பட்ட தொகை 1 கோடியே 75 லட்சம் டாலர். கம்பெனியின் நிதிநிலையை முன்னிட்டு, செலுத்தப்பட்டதென்னவோ சுமார் 16 லட்சம்.

அழித்தோம் என்று சொல்லி அழிக்காமல் வைத்திருப்பது அந்த ஒரு கம்பெனியின் பழக்கம் மட்டுமன்று. அதே 2016-இல், அடல்ட் ஃபிரெண்ட் ஃபைண்டர் முதலிய தளங்களை நடத்தும் ஃபிரெண்ட் ஃபைண்டர் நெட்வொர்க்ஸிலிருந்து 41 கோடிக்கும் அதிகமான கணக்குகள் களவு போனபோது, அங்கத்தினர்கள் 'டிலீட்' செய்துவிட்டுப் போன கணக்குகள் ஒன்றரைக் கோடிக்கு மேல் அந்தத் தொகுதியிலேயே இருந்தன. மின்னஞ்சல் முகவரியின் இறுதியில் அழிக்கப்பட்டது என்ற அடையாளச் சொல் ஒன்றை ஒட்டிவிட்டு, மற்ற யாவற்றையும் இருந்தபடியே விட்டிருந்தார்கள். கடவுச்சொற்களில் பல மறைகுறியாகக்கூட மாற்றப்படாமல் வெட்ட வெளிச்சமாகக் கிடந்தன. எனவேதான், எந்தத் தளத்திலும் உள்ளே நுழையும் வாசலைக் காட்டிலும் வெளியே போகும் வாசலை முதலில் பார்க்கச் சொல்கிறேன். கணக்கை மூடும் பொத்தான் எங்கே இருக்கிறது, கைப்பேசியில் இரண்டு தொடுதலில் எட்டுகிறதா, அல்லது அயல்நாட்டு எண்ணொன்றுக்குப் பேச வேண்டுமா, மூடிய பிறகு படங்களையும் கடிதங்களையும் எத்தனை நாளில் அழிப்பதாக எழுதித் தருகிறார்கள் என்பனவற்றைக் காசு கட்டுவதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டும். அந்த நாட்கணக்கு எங்குமே எழுதப்படாவிட்டால், தளத்துக்கு முகம் தெரியும் படத்தைத் தரக்கூடாது.

இருக்கும் இடத்தைத் தளத்துக்குச் சொல்வதிலும் ஜாக்கிரதை தேவை. 'உங்களிடமிருந்து இரண்டு கிலோமீட்டர்' என்று காட்டும் செயலியில், ஒருவன் மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து அந்தத் தூரத்தைக் குறித்துக்கொண்டு, மூன்று வட்டங்களை வரைந்தால், அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியில் உங்கள் வீடு அகப்பட்டுவிடும். டிண்டர் செயலியில் இருந்த இத்தகைய குறை 2014-இல் வெளியாயிற்று. செயலியே விவரங்களை விளம்பரக் கம்பெனிகளிடம் கொடுப்பதும் உண்டு. தக்க சம்மதம் பெறாமல் பயனர்களின் இருப்பிடம் உட்பட்ட தகவல்களைப் பகிர்ந்ததற்காக, ஓரினச்சேர்க்கையாளர் முதலியோர் பயன்படுத்தும் கிரைண்டர் செயலிக்கு 2021 டிசம்பரில் நார்வே நாட்டுத் தகவல் பாதுகாப்பு ஆணையம் 6.5 கோடி குரோனர் அபராதம் விதித்தது.

தளம் யோக்கியமானதாயிருந்தும் அங்கே வருகிறவன் அயோக்கியனாயிருக்கலாம். காதல் மோசடியால் இழந்ததாக 2022-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் ஏறக்குறைய 70,000 பேர் முறையிட்ட தொகை 130 கோடி டாலர். பழகிய இரண்டு நாளில் வாட்ஸ்அப்புக்கு வரச்சொல்வதும், வீடியோவில் முகம் காட்டச் சாக்குச் சொல்வதும், பின்னர் அவசரமென்று பணம் கேட்பதும் அந்த வித்தையின் வழக்கமான படிகள். நம் நாட்டில் இதற்கு நேர்மாறாக, தானே வீடியோ அழைப்புக்கு இழுத்து, அந்தரங்கமான நிலையில் பதிவு செய்துகொண்டு மிரட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஒரு முறை பணம் கொடுத்தால் மறுமுறை கேட்பார்கள். உரையாடலை அழித்துவிடாமல் அப்படியே வைத்துக்கொண்டு, 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்வதே வழி. சம்மதமில்லாமல் ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளின் படத்தை எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

திண்ணையோரத்தில் நின்ற நண்பருடைய துன்பம் இவ்வளவு பெரியதன்று. ஆயினும் அவருக்கு அது மலையாயிருந்தது. மாதந்தோறும் தானாக எடுக்கப்படும் தொகையைப் பற்றி ஒரு நாள் முன்னதாகவே வாடிக்கையாளருக்கு அறிவித்து, வேண்டாமென்று சொல்ல இடம் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. நுழைவது சுலபமாகவும் வெளியேறுவது கடினமாகவும் அமைக்கப்பட்ட சந்தாவை, 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் முறையற்ற வணிகத் தந்திரங்களுள் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றன. அவரைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்ட விதியே ஏழு முறை குறுஞ்செய்தியாக வந்து கதவைத் தட்டியிருக்கிறது. தாயார் பார்த்துவிடுவாரே என்ற அச்சத்தில், ஏழு முறையும் அதைப் படித்து முடிப்பதற்குள் அழித்திருக்கிறார். வீட்டாருக்குத் தெரியாமலிருக்கட்டும் என்று தளத்தார் சூட்டிக்கொண்ட அந்த வேறு பெயர், கடைசியில் யாருக்கு உபகாரமாயிற்று என்று பாருங்கள்.

குறுஞ்செய்தியிலிருந்த சுட்டியைத் தொடவும் அவருக்குப் பயமாயிருந்தபடியால், கார்டின் பின்புறத்திலிருந்த எண்ணுக்கு என் முன்னிலையிலேயே அழைக்கச் செய்தேன். பத்து நிமிஷம் காத்திருந்த பிறகு ஒரு பெண் பேசினார். கார்டின் கடைசி நான்கு எண்களைக் கேட்டார், தொகையைக் கேட்டார், அந்த மருந்துக் கம்பெனிப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். நண்பருடைய நெற்றியில் வியர்வை அரும்பியது. "இந்த மேன்டேட்டை கேன்சல் பண்ணிடலாமா சார்?" என்றார் அந்தப் பெண். "பண்ணிடுங்கம்மா." "பண்ணியாச்சு சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேறொன்றும் அவர் கேட்கவில்லை. நண்பர் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.