ஜிம்முக்குப் புதுசா? முதல் நாளே ‘செஸ்ட் டே’ வேண்டாம்... உங்களுக்கான வொர்க்அவுட் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பணம் கட்டியாச்சு, ஷூ வாங்கியாச்சு. ஜிம்முக்குள் கால் வைத்ததும் எல்லோருக்கும் வரும் முதல் கேள்வி, “இப்ப நான் என்ன பண்ணணும்?”

இதற்குப் பதில் பெரும்பாலும் மூன்று இடங்களில் இருந்து வரும். கூட வந்த நண்பர், சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணை, இல்லையென்றால் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ். திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள் என்று வாரத்தில் 6 நாளும் நிரம்பியிருக்கும். முதல் வாரம் உற்சாகம், இரண்டாவது வாரம் உடம்பெல்லாம் வலி, மூன்றாவது வாரம் ஆளையே காணோம். ஒரு வருஷத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டிவிட்டு இப்படி நின்றுபோனவர்களில் இதை எழுதும் நானும் ஒருத்தன்.

பிரச்னை சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. பல வருஷம் பயிற்சி செய்தவருக்கான திட்டத்தை முதல் மாதத்திலேயே எடுத்துக்கொள்வதுதான். அப்படியானால் புதியவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பது? பார்க்கலாம்.

வாரத்தில் எத்தனை நாள் போதும்?

வாரத்தில் குறைந்தது 2 நாள், உடலின் முக்கியமான தசைகள் அனைத்துக்கும் வலுப்பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார அமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். இது நடைப்பயிற்சி, ஓட்டம் போன்றவற்றுக்கு மேல் தனியாகச் செய்ய வேண்டியது.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு வாரம் 2 அல்லது 3 நாள் தாராளமாகப் போதும். திங்கள், புதன், வெள்ளி என்று இடையில் ஒரு நாள் ஓய்வு விட்டுச் செய்யலாம். ஒவ்வொரு நாளும் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கும், வீட்டு வேலை, குழந்தைகள் என்று ஓடுபவர்களுக்கும் 3 நாள் என்பது கட்டுப்படியாகிற கணக்கு. உங்களால் போக முடியாத 6 நாள் திட்டத்தைவிட, தவறாமல் போகிற 2 நாள் திட்டம் மேல்.

‘செஸ்ட் டே’, ‘பேக் டே’ ஏன் வேண்டாம்?

முதல் சில வாரங்களில் கூடும் பலத்துக்குக் காரணம் தசை பெருத்தது அல்ல. மூளையும் நரம்புகளும் அந்த அசைவைப் பழகிக்கொள்வதுதான் முக்கியக் காரணம். சைக்கிள் ஓட்டப் பழகுவது மாதிரி. வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் ஓட்டுவதைவிட, வாரம் மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டினால்தானே சீக்கிரம் கைவரும்?

அதேபோல், ஒரே நாளில் மார்புக்கு மட்டும் 5 விதப் பயிற்சி செய்தால் அடுத்த நாள் தலை சீவக்கூட கை தூக்க முடியாது. ஒரு நாள் லீவு போட்டால் அந்தத் தசைக்கு அடுத்த வாரம்தான் வாய்ப்பு. அதனால்தான் ஒவ்வொரு முறையும் உடல் முழுவதற்கும் வேலை கொடுக்கும் ‘ஃபுல் பாடி’ திட்டம் புதியவர்களுக்குப் பொருத்தமானது.

நல்ல திட்டமா? இந்த 5 கேள்விகளைக் கேளுங்கள்

1. கால், மார்பு, முதுகு, தோள், வயிறு என எல்லாத் தசைக்கும் வாரம் இரண்டு முறையாவது வேலை வருகிறதா?
2. ஒரு நாளைக்கு 4 அல்லது 5 பயிற்சிகளுக்குள் முடிகிறதா?
3. எப்போது வெயிட்டைக் கூட்ட வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறதா?
4. ஓய்வு நாள் இருக்கிறதா?
5. உங்கள் ஜிம்மில் இருக்கும் சாதனங்களை வைத்தே செய்ய முடியுமா?

இதில் மூன்றாவது கேள்விதான் முக்கியம். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், எடையைப் படிப்படியாகக் கூட்டும் முறையைப் பயன்படுத்தி, 1945-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்றைக்கும் வெயிட் ட்ரெயினிங்கின் அடிப்படை அதுதான். வெயிட்டைக் கூட்ட வழி சொல்லாத அட்டவணை, வெறும் பயிற்சிகளின் பட்டியல். அது திட்டம் ஆகாது.

எளிமையான ஒரு மாதிரித் திட்டம்

இரண்டு நாள் அட்டவணையை மாற்றி மாற்றிச் செய்தால் போதும்.

முதல் நாள்:
* டம்பெல்லை நெஞ்சோடு பிடித்து ஸ்குவாட்
* பெஞ்ச் பிரஸ் அல்லது புஷ்-அப்
* சீட்டட் ரோ
* பிளாங்க்

இரண்டாம் நாள்:
* ரொமேனியன் டெட்லிஃப்ட்
* டம்பெல் ஷோல்டர் பிரஸ்
* லாட் புல்டவுன்
* லன்ஜஸ்

ஒவ்வொன்றும் 3 செட், ஒரு செட்டுக்கு 8 முதல் 12 முறை. பிளாங்க் மட்டும் 20 முதல் 30 விநாடி. செட்டுகளுக்கு நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு. திங்கள் முதல் நாள் அட்டவணை, புதன் இரண்டாம் நாள் அட்டவணை, வெள்ளி மறுபடியும் முதல் நாள் அட்டவணை. அடுத்த வாரம் இரண்டாவதில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எவ்வளவு வெயிட் தூக்குவது?

நிறைய பேர் சறுக்கும் இடம் இது. ஜிம்மில் இருக்கும் நீளமான ஒலிம்பிக் பாரை ‘வெறும் ராடு’ என்பார்கள். பிளேட் எதுவும் மாட்டாத அந்த ராடே 20 கிலோ. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணி கேனைத் தலைக்கு மேல் பத்து முறை தூக்குவதாக நினைத்துப் பாருங்கள். அதனால் டம்பெல்லில் ஆரம்பிப்பதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

ஒரு செட்டை முடிக்கும்போது, ‘இன்னும் இரண்டு முறை செய்ய முடியும்’ என்ற நிலையில் நிறுத்துங்கள். அதுதான் உங்களுக்குச் சரியான வெயிட். முதுகு வளைந்தாலோ, உடம்பை ஆட்டி இழுத்தால்தான் தூக்க முடிகிறது என்றாலோ வெயிட்டைக் குறைத்துவிடுங்கள்.

எப்போது கூட்டுவது?

20 கிலோவில் 3 செட்டும் 8 முறை செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த நாட்களில் 9, 10 என்று எண்ணிக்கையைக் கூட்டுங்கள். மூன்று செட்டிலும் 12 முறை வந்துவிட்டால், அடுத்த முறை 22.5 கிலோ. எண்ணிக்கை மறுபடியும் 8-க்கு இறங்கும். திரும்பவும் 12 வரை ஏற வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம்.

இதை நினைவில் வைத்துக்கொள்வது கஷ்டம். ஒரு சின்ன நோட்டிலோ மொபைலிலோ தேதி, வெயிட், எண்ணிக்கை மூன்றையும் எழுதி வையுங்கள்.

எந்த வலி சாதாரணம்? எது ஆபத்து?

புதிதாகப் பயிற்சி செய்த ஒன்றிரண்டு நாளில் தசை கனப்பதும் வலிப்பதும் இயல்பு. தானாகவே சரியாகிவிடும். வலி இருந்தால்தான் பயிற்சி பலித்தது என்று அர்த்தமும் இல்லை. ஆனால் மூட்டில் சுருக்கென்ற வலி, மரத்துப்போதல், நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். நெஞ்சுவலி என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. முதல் நாளே வெறித்தனமாகப் பயிற்சி செய்தால், தசைகள் சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கும் ‘ராப்டோமயோலைசிஸ்’ என்ற நிலை ஏற்படலாம். கடுமையான வலி, வீக்கத்துடன் சிறுநீர் கோலா நிறத்தில் போனால், ‘வொர்க்அவுட் வலிதானே’ என்று விட்டுவிடக் கூடாது. உடனடியாக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், குடலிறக்கம் இருப்பவர்களும், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். எல்லோருக்குமே ஒரு விதி: மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

பெண்களுக்கு உடம்பு பெருத்துவிடுமா?

இல்லை. தசை பெரிதாக வளர்வதற்குப் பல வருஷப் பயிற்சியும் அதற்கேற்ற சாப்பாடும் தேவை. பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரான் ஹார்மோன் ஆண்களைவிட மிகவும் குறைவு. எலும்பு வலுவாக இருக்க உதவும் என்பதால், பெண்கள் வெயிட் ட்ரெயினிங்கைத் தவிர்க்கவே கூடாது. மேலே சொன்ன திட்டம் இருபாலருக்கும் பொதுவானது.

புரோட்டீன் பவுடர் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. பருப்பு, சுண்டல், சோயா, தயிர், மீன், கோழி என்று சாப்பாட்டிலேயே புரதத்தைக் கூட்டலாம். போதாதவர்களுக்கு மட்டும்தான் பவுடர். ஆனால் ‘சீக்கிரம் பாடி ஏறும்’ என்று யாராவது ஊசியோ பெயர் தெரியாத மாத்திரையோ நீட்டினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். டாக்டர் பரிந்துரை இல்லாமல் எடுக்கும் ஸ்டீராய்டு இதயத்தையும் கல்லீரலையும் பாதிக்கும்.

திட்டத்தை எப்போது மாற்றலாம்?

இரண்டே வாரத்தில் ‘ரிசல்ட் தெரியலையே’ என்று வேறு திட்டத்துக்குத் தாவ வேண்டாம். குறைந்தது 3 மாதம் ஒரே திட்டத்தில் இருங்கள். கண்ணாடியில் மாற்றம் தெரிய நேரம் எடுக்கும். நோட்டில் முன்னாடியே தெரிந்துவிடும். முதல் வாரம் 5 கிலோ என்று எழுதிய இடத்தில் இன்றைக்கு 10 கிலோ இருந்தால், உங்கள் திட்டம் சரியாகத்தான் போகிறது.

கடைசியாக ஒன்று. வருஷச் சந்தாவில் தள்ளுபடி என்றாலும் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள். அந்த மாதத்தில் 12 நாள் போக முடிந்ததா என்று பாருங்கள். முடிந்திருந்தால் மீதியைக் கட்டலாம். முடியவில்லை என்றால், முதலில் மாற்ற வேண்டியது உங்கள் நேர அட்டவணையைத்தான்.